வீட்டில் வாசிக்கவும் பதிவு செய்யவும் கிட்டார் ஆம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை வாட் ஆம்ப் வாங்கலாம்?" அங்கிருந்து தொடங்கினால் வீட்டுக்குப் பொருந்தாத பெரிய பெட்டி ஒன்றில்தான் போய் நிற்போம். அதைவிட இப்படிக் கேட்டுப் பாருங்கள்: என் வீட்டில் என்னால் எவ்வளவு சத்தமாக வாசிக்க முடியும்? அந்தச் சத்தத்தில் எந்த ஆம்ப் நன்றாக ஒலிக்கிறது? வால்யூமை முழுக்கத் திருப்பினால் பிரமாதமாக ஒலிக்கும் ஆம்ப்கள் நிறைய உண்டு. மெதுவாக வைத்தாலும் கிட்டாரைக் கீழே வைக்க மனம் வராதபடி ஒலிப்பவை குறைவு. நமக்கு வேண்டியது அந்தக் குறைவான வகை.

ஆம்பை வெறுமனே சத்தம் கூட்டும் கருவியாக நினைத்துவிட வேண்டாம். கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும்தான். கிட்டார் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அதை ஆம்பின் முதல் பகுதியான ப்ரீஆம்ப் பெரிதாக்கி, பேஸ், மிட், ட்ரெபிள் (கீழ், நடு, உயர் ஒலி) குமிழ்கள் வழியாக வடிவம் கொடுக்கிறது. பவர் ஆம்ப் அதற்கு ஸ்பீக்கரை அசைக்கும் பலம் தருகிறது. கடைசியில் ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் தங்கள் பங்குக்கு ஒலியை மாற்றுகின்றன. நீங்கள் கேட்கும் தொனியில் பாதிக்கு மேல் இந்த வழியில்தான் உருவாகிறது. அதனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் கிட்டாரில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஒரு ஆம்ப் என்று முடிவு செய்யாதீர்கள். சுமாரான கிட்டாரும் நல்ல ஆம்பும் சேர்ந்தால் வாசிக்க ஆசை வரும். நல்ல கிட்டாரை மோசமான ஆம்பில் சொருகினால், கிட்டார் மீதே சந்தேகம் வந்துவிடும்.

முதல் படி: உங்கள் நிலைமையை எழுதிக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன், இணையத்தில் தேடும் முன், ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் வாசிப்பீர்கள், பகலிலா, எல்லோரும் தூங்கிய பிறகா? பக்கத்து அறையிலும் கீழ்த்தளத்திலும் யார் இருக்கிறார்கள்? ஆம்ப் ஒரே இடத்தில் இருக்குமா, அடிக்கடி தூக்கிப் போவீர்களா? பதிவு செய்யும் எண்ணம் இப்போதே இருக்கிறதா? எந்த மாதிரி தொனி பிடிக்கும்: சுத்தமான க்ளீனா, லேசாக உடையும் ப்ளூஸ் ஒலியா, கனமான மெட்டல் டிஸ்டார்ஷனா (ஒலி அலை சிதைந்து வரும் முரட்டுத் தொனி)?

இந்தப் பதில்களே பாதிப் பட்டியலைக் கழித்துவிடும். இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால், ஹெட்ஃபோன் சாக்கெட் இல்லாத எந்த ஆம்பும் உங்களுக்கு வேண்டாம். நண்பர்களோடு ட்ரம்ஸ் வைத்து வாசிக்கும் திட்டம் பக்கத்தில் இல்லையென்றால் பெரிய ஆம்ப் எதையும் பார்க்கவே தேவையில்லை. "பின்னால் ஒரு நாள் மேடையில் ஏறினால்?" என்ற எண்ணத்தில் வாங்கும் ஆம்ப், அந்த நாள் வரும்வரை அறையின் மூலையில் சும்மா இருக்கும். மேடை வரும்போது அதற்கான ஆம்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டாருக்கு வேறு வகை ஆம்ப் வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் ஒலியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும்; அக்கூஸ்டிக் ஆம்ப் மாற்றாமல் அப்படியே தர வேண்டும். அதனால் அதில் உயர் ஒலிகளுக்கென்று தனியாக ட்வீட்டர் இருக்கும். பேஸ் கிட்டாரைச் சின்ன கிட்டார் ஆம்பில் சொருகி மெதுவாக வாசிக்கலாம், ஆனால் சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கெட்டுப்போகலாம். இந்தக் கட்டுரை இனி எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி மட்டும்.

இரண்டாம் படி: வாட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆம்ப் ஸ்பீக்கருக்கு எவ்வளவு திறனைத் தர முடியும் என்பதை வாட் சொல்கிறது. காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதை அது நேராகச் சொல்வதில்லை. திறனை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரட்டிப்பானதாக நம் காது உணர வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குத் திறன் 10 மடங்காக வேண்டும். ஆக, ஒரே ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தால், 100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்பைவிடச் சுமார் இரண்டு மடங்குதான் சத்தமாகக் கேட்கும்.

அடுத்து ஸ்பீக்கரின் உணர்திறன். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கும் என்பதே அந்த அளவு. செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கர் பல ஆம்ப்களில் இருக்கிறது; அதன் உணர்திறன் 100 டெசிபெல். சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வது 60 டெசிபெல் அளவில் இருக்கும். அப்படியென்றால் வெறும் 1 வாட்டே ஒரு அறைக்கு எவ்வளவு பெரிய சத்தம் என்று பாருங்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் வேலையிடங்களுக்குத் தரும் வரம்பு 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லைக் கேட்க 15 நிமிடம்தான். அதே ஸ்பீக்கரில் 80 டெசிபெல் வேண்டுமானால் 0.01 வாட் போதும். வீட்டில் பெரும்பாலும் நாம் வாசிப்பது அந்த அளவிலோ அதற்குக் கீழோதான்.

சரி, அப்படியானால் 5 வாட், 20 வாட், 50 வாட் என்பதற்கெல்லாம் அர்த்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஆம்பின் வகையைப் பொறுத்து (வகைகளை அடுத்த படியில் விளக்குகிறேன்). சாலிட் ஸ்டேட், மாடலிங் ஆம்ப்களில் வாட் கூடுதலாக இருப்பதால் வீட்டில் நஷ்டம் எதுவும் இல்லை. வால்யூமைக் குறைத்து வைத்தால் முடிந்தது. வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் ட்யூப் ஆம்பில் கதையே வேறு. அதன் இனிமையான உடைசல், அதாவது லேசான டிஸ்டார்ஷன், வருவது பவர் ட்யூப்கள் எல்லையைத் தொடும்போது. 15 வாட் ட்யூப் ஆம்ப் ஒன்றை அந்த எல்லை வரை கொண்டுபோனால், மேலே சொன்ன ஸ்பீக்கரில் சுமார் 112 டெசிபெல் வரும். மூடிய அறையில் அதைத் தாங்க முடியாது.

மூன்றாம் படி: எந்த வகை?

ட்யூப் ஆம்ப், சிலர் வால்வ் ஆம்ப் என்பார்கள், எல்லாவற்றுக்கும் மூத்தது. 1950களின் ஃபெண்டர், 1960களின் வாக்ஸ், மார்ஷல் ஆம்ப்களின் ஒலிதான் இன்றுவரை கிட்டார் தொனிக்கு அளவுகோல். விரலின் அழுத்தத்துக்கு அவை காட்டும் பதில் மிகவும் இயல்பானது: மெதுவாகத் தொட்டால் சுத்தமாக ஒலிக்கும், அழுத்தி அடித்தால் உடையும். எனக்கு அந்த ஒலி மிகவும் பிடிக்கும். ஆனாலும் வீட்டில் மட்டும் வாசிக்கப்போகிற ஒருவருக்கு முதல் ஆம்பாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் மேலே சொன்ன சத்தக் கணக்கு. எடை அதிகம், ட்யூப்கள் தேய்ந்தால் மாற்ற வேண்டும், ஹெட்ஃபோன் வசதி பெரும்பாலானவற்றில் கிடையாது. ட்யூப்தான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருந்தால் 1 வாட்டிலிருந்து 5 வாட்டுக்குள் பாருங்கள், அல்லது திறனைக் குறைக்கும் சுவிட்சும் மாஸ்டர் வால்யூமும் உள்ளதாகப் பாருங்கள். மாஸ்டர் வால்யூம் இருந்தால் ப்ரீஆம்ப் ட்யூப்களை நன்றாகத் தூண்டிவிட்டு, வெளியே வரும் சத்தத்தைத் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சாலிட் ஸ்டேட் ஆம்ப்களில் ட்யூப்களுக்குப் பதிலாக ட்ரான்சிஸ்டர்கள். உறுதியானவை, விலை குறைந்தவை, பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை. க்ளீன் தொனியில் இவை எதற்கும் குறைந்தவை அல்ல: 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 இன்னும் க்ளீன் தொனிக்காகவே தேடப்படுகிறது. விலை குறைந்த சாலிட் ஸ்டேட் ஆம்ப்களின் டிஸ்டார்ஷன்தான் பல நேரம் கரகரப்பாக, உயிரில்லாமல் இருக்கும். குமிழ்கள் நான்கைந்தோடு, சொருகியதும் வாசிக்க வேண்டும் என்பவர்களுக்கு ஆரஞ்ச் க்ரஷ் வரிசையின் சின்ன ஆம்ப்கள் போன்றவை நல்ல தேர்வு.

மாடலிங் ஆம்ப் என்பது உள்ளே ஒரு சின்னக் கணினி வைத்த ஆம்ப். பல பழைய ஆம்ப்களின் நடத்தையை அது கணக்கிட்டுப் பிரதி எடுக்கிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் வந்தபோது இந்த முறை பரவலாகத் தெரியவந்தது. அதன்பின் இது வெகுவாக முன்னேறியிருக்கிறது. மெதுவான சத்தத்திலும் உடைந்த தொனி கிடைக்கும் என்பதுதான் நமக்கு முக்கியம், ஏனென்றால் இங்கே டிஸ்டார்ஷன் பவர் ஆம்பின் எல்லையைச் சார்ந்து வருவதில்லை. பாஸ் கட்டானா 50 போன்றவற்றில் 50, 25, 0.5 வாட் என்று திறனை மாற்றும் சுவிட்சும் உண்டு. யமஹா டிஎச்ஆர் வரிசை மேசைமேல் வைத்து வாசிக்கவே வடிவமைக்கப்பட்டது. இரண்டு சின்ன ஸ்பீக்கர்களோடு ஸ்டீரியோவில் ஒலிக்கும், பாட்டுக் கேட்கவும் உதவும். ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 எளிமையானது. இவை மூன்றையும் யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து நேராகப் பதிவு செய்யலாம்.

நான்காவது வழி, ஆம்பே வாங்காமல் இருப்பது. கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றில் கிட்டாரைச் சொருகி, கணினியில் ஆம்ப் மென்பொருளை ஓட்டி, ஹெட்ஃபோனிலோ மானிட்டர் ஸ்பீக்கரிலோ கேட்பது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச, திறமூல மென்பொருள் உண்மையான ஆம்ப்களின் ஒலியை ஆச்சரியப்படும் அளவுக்கு நெருங்குகிறது. பதிவு செய்வதுதான் முதன்மை நோக்கம் என்றால் இந்த வழியை மனதாரச் சொல்வேன். பயிற்சிதான் முதன்மை என்றால் யோசியுங்கள்: வாசிக்க நினைக்கும் ஒவ்வொரு முறையும் கணினியை இயக்கி, மென்பொருளைத் திறந்து, அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். பத்து நிமிடம் கிடைத்தால் வாசிக்கலாம் என்பவருக்கு அந்தப் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். ஒரே சுவிட்சில் உயிர்பெறும் ஆம்ப் தினமும் வாசிக்க வைக்கும்.

கிட்டாரிலேயே நேராகச் சொருகும் விரல் நீள ஹெட்ஃபோன் ஆம்ப்களும் இருக்கின்றன, வாக்ஸ் ஆம்ப்ளக், ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ மாதிரி. இடமே இல்லை, சத்தமே கூடாது என்றால் இவை போதும்.

என் பரிந்துரையை ஒரே வரியில் கேட்டால்: யூஎஸ்பி, ஹெட்ஃபோன் இரண்டும் உள்ள நடுத்தர அளவு மாடலிங் ஆம்ப். ஒரு எச்சரிக்கை மட்டும். அதில் நூற்றுக்கணக்கில் தொனிகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்ப்பதிலேயே மாலை கழியும். ஒரு க்ளீன், ஒரு லேசான உடைசல், ஒரு கனமான டிஸ்டார்ஷன் என்று மூன்றைச் சேமித்துவிட்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

நான்காம் படி: ஸ்பீக்கரும் பெட்டியும்

கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர்கள் பொதுவாகச் சுமார் 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் நன்றாக ஒலிக்கும். அதற்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். இது குறைபாடாகத் தோன்றலாம். உண்மையில் டிஸ்டார்ஷனில் உண்டாகும் கூர்மையான உயர் ஒலிகளை இந்த இறக்கம்தான் வடிகட்டுகிறது. பதிவு செய்யும் பகுதியில் இது மறுபடியும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 6 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள கிட்டார் ஸ்பீக்கர்கள் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலிக்கக்கூடும். 8 அங்குலம் வீட்டுக்கு நல்ல சமரசம். 10 அல்லது 12 அங்குலம் என்றால் கீழ் ஒலிகளுக்கு உடல் கிடைக்கும், மெதுவாக வாசித்தாலும். இடம் இருந்தால் இந்தப் பக்கம் சாயலாம். மேசைமேல் வைக்கும் மாடலிங் ஆம்ப்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவற்றில் இருப்பவை முழு ஒலி வரம்புக்கான ஸ்பீக்கர்கள், 3 அங்குலமே இருந்தாலும் நன்றாக ஒலிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை.

ஐந்தாம் படி: பின்பக்கத்தைப் பாருங்கள்

முன்பக்கக் குமிழ்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஆம்பைத் திருப்பி, என்னென்ன சாக்கெட்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஹெட்ஃபோன் சாக்கெட் கட்டாயம். அதைச் சொருகினால் ஸ்பீக்கர் தானாக நின்றுவிட வேண்டும். ஸ்பீக்கர் ஒலியைப் பின்பற்றும் கேபினெட் சிமுலேஷன் அந்த ஹெட்ஃபோன் வழியில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் டிஸ்டார்ஷன் காதைக் குத்தும். பாட்டை ஓடவிட்டு கூடவே வாசிக்க ஆக்ஸ் (கேபிளில் ஃபோனை இணைக்கும் சாக்கெட்) அல்லது ப்ளூடூத் வேண்டும். பதிவுக்கு யூஎஸ்பி. ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே எஃபெக்ட் பெடல்களைச் சேர்க்கும் எஃபெக்ட்ஸ் லூப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முதல் ஆம்பில் அதற்காக வருந்த வேண்டாம்.

ப்ளூடூத் பற்றி ஒரு விஷயம். ஃபோனிலிருந்து பாட்டை ஆம்புக்கு அனுப்ப அது அருமை. ஆனால் நீங்கள் வாசிப்பதை சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்க முயலாதீர்கள். ஒலி வந்து சேர 100 மில்லிசெகண்டுக்கும் மேல் ஆகலாம். கம்பியை மீட்டியபின் சத்தம் தனியாக வரும், தாளம் நிற்காது. கம்பி வைத்த ஹெட்ஃபோனே சரி.

ஆறாம் படி: பதிவு செய்யும் வழியை முன்பே முடிவு செய்யுங்கள்

ஆம்ப் வாங்கிய பிறகு "இதை எப்படிப் பதிவு செய்வது?" என்று தேடுவதைவிட, வழியை முதலில் தேர்ந்துகொண்டு அதற்கேற்ற ஆம்பை வாங்குவது புத்திசாலித்தனம். மூன்று வழிகள் உண்டு.

முதலாவது யூஎஸ்பி. மாடலிங் ஆம்பிலிருந்து ஒரு கேபிள் கணினிக்கு. பதிவு மென்பொருளில் ஆம்பையே உள்ளீடாகத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஸ்பீக்கரை முழுக்க அமைதியாக்கிவிட்டு நள்ளிரவிலும் பதிவு செய்யலாம். சில ஆம்ப்கள் எஃபெக்ட் சேர்ந்த ஒலியையும், எதுவும் சேராத வெறும் கிட்டார் ஒலியையும் இரண்டு தடங்களாக அனுப்பும். அந்த வசதி இருந்தால் இரண்டையும் பதிவு செய்து வையுங்கள். வாசிப்பு நன்றாக அமைந்து தொனி மட்டும் பிடிக்காமல் போனால், வெறும் ஒலியை எடுத்து வேறு ஆம்ப் மென்பொருளில் ஓட்டிக்கொள்ளலாம். மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இன்டர்ஃபேஸும் மென்பொருளும். இன்டர்ஃபேஸ் வாங்கும்போது இன்ஸ்ட்ருமென்ட் என்றோ ஹை-இசட் என்றோ குறிப்பிட்ட உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டாருக்குச் சுமார் 10 லட்சம் ஓம் மின்மறுப்பு உள்ள உள்ளீடு வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் சொருகினால் ஒலி மங்கி, உயர் ஒலிகள் காணாமல் போகும். ஆம்ப் மென்பொருளில் கேபினெட் பகுதியை அணைத்துவிட்டுப் பாருங்கள், டிஸ்டார்ஷன் தேனீக் கூட்டம் போல் ரீங்கரிக்கும். 5,000 ஹெர்ட்ஸ் பற்றி மேலே சொன்னது இதைத்தான். கேபினெட் சிமுலேஷன் அல்லது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு (உண்மையான ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித் தன்மையைப் பதிவு செய்த கோப்பு) ஒன்றைச் சேர்த்தவுடன் அது கிட்டாராக ஒலிக்கும். நல்ல தொனி வரவில்லை என்று தவிப்பவர்கள் ஆம்ப் மாடலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கோப்பை மாற்றினால்தான் பெரிய வித்தியாசம் தெரியும்.

லேட்டன்சி, அதாவது கம்பியை மீட்டுவதற்கும் காதில் கேட்பதற்கும் இடையேயான தாமதம், இந்த வழியில் எழும் முக்கியமான தொந்தரவு. மென்பொருளில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் நீளத்தை, 128 சாம்பிளாக வைத்தால், 48,000 ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட். உள்ளே வருவது, வெளியே போவது, சுற்றுகளின் சொந்தத் தாமதம் எல்லாம் சேர்ந்து 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் காற்றில் 34 சென்டிமீட்டர்தான் நகரும். ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கும் கிட்டார் கலைஞருக்கும் கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் தாமதம் இருக்கத்தான் செய்கிறது. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏஎஸ்ஐஓ ட்ரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவுங்கள்; தாமதப் புகார்களில் பெரும்பாலானவை அதிலேயே தீர்ந்துவிடும். வாசித்து முடித்து மிக்ஸ் செய்யும்போது பஃபரைக் கூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, மைக். ஆம்பின் உண்மையான ஒலி, அறையின் காற்று, எல்லாம் வேண்டுமென்றால் இதுதான் வழி. 1965இல் அறிமுகமான ஷூர் எஸ்எம்57 இன்றும் இந்த வேலைக்குத்தான் முதலில் கை நீளும் மைக். டைனமிக் வகை என்பதால் பெரிய சத்தத்தையும் தாங்கும், சில மைக்குகளுக்கு இன்டர்ஃபேஸ் கேபிள் வழியாகத் தரும் 48 வோல்ட் பேன்டம் மின்சாரமும் தேவையில்லை.

மைக் வைக்கும் இடம் ஆம்பின் குமிழ்களைவிட அதிகம் பேசும். கைவிளக்கை வலைத்துணிக்கு நேரே காட்டினால் உள்ளே ஸ்பீக்கர் எங்கே என்று தெரியும். நடுவில் சின்ன வட்டமான மூடி, அதைச் சுற்றிக் கூம்புக் காகிதம். அந்த மூடியின் விளிம்பும் காகிதமும் சேரும் இடத்துக்கு நேராக, வலைத்துணியிலிருந்து 2 அங்குலம் தள்ளி மைக்கை வைத்துத் தொடங்குங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் ஒலி பளிச்சென்று கூர்மையாகும். ஓரத்தை நோக்கிப் போனால் மென்மையாகி இருளும். மைக் நெருங்க நெருங்கக் கீழ் ஒலிகள் தடிக்கும். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிடிக்காத தொனியை ஈக்யூவில் (கீழ், நடு, உயர் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருத்த முயல்வதற்கு முன் மைக்கை அரை அங்குலம் நகர்த்துங்கள். இரண்டு மைக் வைக்கும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், அதைச் சரிசெய்வது தனி வேலை.

எந்த வழியானாலும் பதிவின் உச்சங்கள் மைனஸ் 10 டெசிபெல் அருகே நிற்கும்படி வையுங்கள். 24 பிட் பதிவில் சத்தத்தைச் சிவப்புக் கோடு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழையும் பயிற்சியில் வைப்பதைவிடக் கொஞ்சம் குறையுங்கள். தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும் கனமான டிஸ்டார்ஷன், பதிவில் மற்ற வாத்தியங்களோடு சேரும்போது கலங்கிவிடும். ஒலி அகலமாக வேண்டுமென்றால் ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடதுபுறமும் மற்றதை வலதுபுறமும் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கம் வைத்தால் அந்த அகலம் வராது.

ட்யூப் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை இயக்கவே கூடாது. சுமை இல்லாமல் வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். அமைதியாகப் பதிவு செய்ய வேண்டுமானால் ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையைத் தாங்கும் லோட் பாக்ஸ் ஒன்றை வாங்குங்கள், அதன் ஓம் அளவு ஆம்பின் ஓம் அளவோடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் சாக்கெட்டை நேராக இன்டர்ஃபேஸில் சொருகுவதும் கூடாது, அதில் வரும் மின்சாரம் இன்டர்ஃபேஸைக் கெடுத்துவிடும்.

ஏழாம் படி: கடையில் கேட்டுப் பார்க்கும் முறை

முடிந்தால் உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் அதே வகைப் பிக்கப் உள்ள கிட்டாரைக் கேளுங்கள்; ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயிலும் இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கரும் ஒரே ஆம்பை வேறு வேறாக ஒலிக்க வைக்கும். எஃபெக்ட்களை எல்லாம் அணைத்துவிட்டு, எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, க்ளீனில் தொடங்குங்கள். அறையின் எதிரொலி போல் சேர்க்கும் ரிவர்ப் போட்டால் எந்த ஆம்பும் அழகாகத் தெரியும், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அப்புறம் முக்கியமான சோதனை. வீட்டில் எந்தச் சத்தத்தில் வாசிப்பீர்களோ அந்த அளவுக்கு வால்யூமைக் குறையுங்கள். எதிரில் உள்ளவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. இந்தச் சத்தத்தில் கம்பிகள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றனவா? மெதுவாக மீட்டுவதற்கும் அழுத்தி மீட்டுவதற்கும் வித்தியாசம் தெரிகிறதா? வால்யூம் குமிழைக் கொஞ்சம் தொட்டதும் சத்தம் எகிறுகிறதா, படிப்படியாக ஏறுகிறதா? குமிழின் முதல் பத்தில் ஒரு பங்கிலேயே சத்தம் முழுக்க வந்துவிடும் ஆம்பை வீட்டில் கட்டுப்படுத்தவே முடியாது.

காது சத்தத்தைப் பொறுத்து ஏமாற்றும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள்: சத்தம் குறையும்போது கீழ் ஒலிகளை நம் காது மிகவும் குறைவாக உணர்கிறது. கடையில் சத்தமாகக் கேட்டபோது முழுமையாக இருந்த ஆம்ப், வீட்டில் மெலிந்து ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் வீட்டுச் சத்தத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். கொஞ்சம் கூடுதல் சத்தமுள்ளது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும்.

பழைய ஆம்ப் வாங்குவது நல்ல யோசனைதான், முக்கியமாக சாலிட் ஸ்டேட் என்றால். எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கரகரவென்ற சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஜாக் ஆடி, சத்தம் விட்டு விட்டு வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 20 நிமிடமாவது இயக்கி வைத்து, சூடானபின் ஒலி மாறுகிறதா என்று பாருங்கள். மாடலிங் ஆம்ப் என்றால் அதன் மென்பொருள் உங்கள் கணினியில் இன்னும் வேலை செய்கிறதா என்று முன்பே உறுதிசெய்யுங்கள். ட்யூப் ஆம்பைத் திறந்து பார்க்க மட்டும் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் நிற்கலாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஆம்பை மூலையில், சுவரோடு ஒட்டி, தரையில் வைத்தால் கீழ் ஒலிகள் தடித்துக் குமுறும், அதிர்வு கீழ்த்தளத்துக்கும் இறங்கும். நாற்காலியிலோ ஸ்டாண்டிலோ காது உயரத்துக்கு ஏற்றி, அடியில் தடிமனான நுரைப்பலகை வையுங்கள். ஸ்பீக்கர் காலைப் பார்த்துக் கொண்டிருந்தால் உயர் ஒலிகள் காதை எட்டாது. ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போவோம், அதே அமைப்பில் பதிவு செய்தால் கூச்சலாக வரும்.

தொடக்கத்தில் குமிழ்களை நடுவில் வைத்து, ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மிட் குமிழை முழுக்கக் குறைப்பது புதியவர்கள் பலருக்கும் பிடித்த பழக்கம். தனியாக வாசிக்கும்போது அகலமாகக் கேட்கும், பாட்டோடு சேர்த்து வாசித்தால் கிட்டாரே காணாமல் போகும்.

உறுமல் சத்தம் கேட்டால் வரிசையாகச் சோதியுங்கள். கிட்டாரின் வால்யூமை மூடினால் உறுமல் நிற்கிறதா? நின்றால் அது பிக்கப் வழியாக வருகிறது. சிங்கிள் காயில் பிக்கப்கள் வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையைப் பிடித்துவிடும். நீங்கள் உட்காரும் திசையை மாற்றுங்கள், மானிட்டர், சார்ஜர், மங்கலாக்கும் விளக்குச் சுவிட்சுகளிலிருந்து தள்ளி இருங்கள். நிற்கவில்லையென்றால் கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். கணினியோடு இணைத்தால் மட்டும் உறுமுகிறது என்றால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே அமைதியாகிவிடும். உறுமலைப் போக்க ஆம்பின் ப்ளக்கில் உள்ள எர்த் முள்ளை உடைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஒருபோதும் கேட்காதீர்கள். ஆம்பில் பழுது வந்தால் கிட்டார் கம்பிகள் வழியாக உங்கள் உடலில் மின்சாரம் பாயாமல் காப்பது அந்த முள்தான்.